படுக்கையை எண்ணும் காப்பீடு

(சேரம்பாடியில் தோட்டத் தொழிலாளரும் தமிழன்பரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில் நடுவட்டம் என்னும் ஊர் இருக்கின்றது. 1860-ஆம் ஆண்டுகளில் ஆங்கில அரசு தொட்டபெட்டா மலையிலும் அந்த நடுவட்டத்திலும் சின்கோனா மரங்களை வளர்த்தது. அம்மரப் பட்டையிலிருந்து கொய்னா எடுக்கப்பட்டது. மலைக்காய்ச்சலுக்கு அந்நாளில் அதுவே அருமருந்து. அத்தூளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, அஞ்சல் நிலையங்கள் வாயிலாகச் சில்லறைக் காசுக்கு விற்கும் முறையும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தியாவில் தொடங்கிற்று. அயலான் தன் படையையும் தன் தோட்டத்து ஆட்களையும் காக்கச் செய்ததுதான் அது. அருளால் செய்தது அன்று. ஆயினும் பொட்டலம் கையில் கிடைத்தவன் தன் வீட்டிலேயே தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட முடிந்தது.

இன்று மருந்தின் இயல்பு மாறிவிட்டது. உயிர் காக்கும் மருந்துகள் பலவற்றை நோயாளி தன் கையால் எடுத்துக்கொள்ள இயலாது. கடையில் வாங்கி மடியில் முடிந்துகொண்டு வந்தாலும் பயனில்லை. மருத்துவரின் கைதான் அதனை உடலுக்குள் செலுத்துதல் வேண்டும். மருந்து ஒருபுறம், மருத்துவர் கை ஒருபுறம், அதற்குரிய பணம் ஒருபுறம் என மூன்றும் ஓரிடத்தில் கூடினால்தான் நோயாளிக்கு வாழ்வு. அவை மூன்றும் சேரம்பாடித் தொழிலாளிக்கு ஓரிடத்தில் கூடுகின்றனவா என்பதே இற்றைக் கேள்வி.

மருத்துவர் கையால் ஏறும் மருந்துகள்

நீரிழிவால் விழித்திரை வீங்கிப் பார்வை மங்குவோர்க்கு விழிக்குள்ளேயே ஊசி வழி மருந்து செலுத்தப்படுகின்றது. பெவாசிசுமாபு என்னும் மருந்து அவற்றுள் ஒன்று. உலக நலவாழ்வு அமைப்பு 2013-இல் அதனைக் கண் மருந்தாக இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தூய்மை காக்கப்பட்ட அறையில், கண்ணை மரக்கச் செய்து, சில நிமையங்களில் முடியும் வேலை அது. ஆனால் தொடக்கத்தில் திங்கள்தோறும் செய்தல் வேண்டும். இடையில் நின்றால் பார்வை போய்விடக்கூடும்.

ஒருவகை மார்புப் புற்றுநோய்க்குத் திராசுட்டுசுமாபு என்னும் மருந்து உண்டு. 2015-இல் அதுவும் உலக நலவாழ்வு அமைப்பின் பட்டியலில் இடம்பெற்றது. தொடக்க நிலையிலுள்ள நோய்க்கு மூன்று கிழமைக்கு ஒருமுறையாக ஏறத்தாழ ஓராண்டுக் காலம் அதனை ஏற்றுதல் வேண்டும். காலையில் வந்து மாலையில் வீடு திரும்பிவிடலாம்; படுக்கையில் இரவு தங்க வேண்டுவதில்லை.

கூடலூர், பந்தலூர் வட்டங்களின் பழங்குடி மக்களிடையே குருதிச் சிவப்பணு அரிவாள் வடிவில் வளையும் நோய் உண்டு. அந்நோயின் வலி பீறிடும் வேளையில் சொட்டுநீரும் வலியடக்கும் ஊசியும், சில வேளைகளில் குருதியும் ஏற்றுதல் வேண்டும். பாம்புக் கடிக்குரிய நச்சுமுறி மருந்தும் அவ்வாறே. ஒவ்வாமை நேர்ந்தால் உடனே காக்க மருத்துவர் அருகிருத்தல் இன்றியமையாதது.

இவை அனைத்துக்கும் பொதுவான இயல்பு ஒன்றுண்டு. மருந்தின் விலையும் மருத்துவரின் திறமும் இவற்றில் பெரிது. படுக்கையின் பங்கு சிறிது. இந்த இயல்பைத்தான் காப்பீட்டு முறை இன்னும் முழுமையாக உணரவில்லை.

24 மணி நேரக் கணக்கு

காப்பீட்டுக் குழுமங்களை ஒழுங்குபடுத்த நடுவண் அரசு 1999-இல் சட்டம் இயற்றி, காப்பீட்டு ஒழுங்குமுறை, மேம்பாட்டு ஆணையத்தை அமைத்தது. ஐதராபாதில் அதன் தலைமையகம் இருக்கின்றது. மருத்துவக் காப்பீட்டு ஆவணங்களில் வரும் சொற்களுக்கு அவ் ஆணையம் பொதுவான பொருள் வகுத்துத் தந்திருக்கின்றது. அப்பொருள்களைத் தொழிலாளர் ஊன்றிக் கேட்டல் வேண்டும்.

மருத்துவமனையில் சேர்தல் என்றால், குறிப்பிட்ட சில பண்டுவங்கள் நீங்கலாக, தொடர்ந்து 24 மணி நேரமேனும் உள்நோயாளியாக இருத்தல் என்பது பொருள். ஒருநாள் பண்டுவம் என்றால், மயக்க மருந்தோ மரப்பு மருந்தோ தந்து, முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் தங்கவேண்டியிருந்து, அறிவியல் வளர்ச்சியால் இன்று அதற்குள் முடியும் பண்டுவம் என்பது பொருள். வழக்கமாகப் புறநோயாளியாகப் பெறும் பண்டுவம் அதில் அடங்காது. மருத்துவமனை என்றால், 10 இலக்கம் மக்கள்தொகைக்குக் குறைந்த ஊர்களில் 10 படுக்கைகளேனும் இருத்தல் வேண்டும். அறுவை அரங்கு இருத்தல் வேண்டும். இரவும் பகலும் மருத்துவரும் செவிலியரும் இருத்தல் வேண்டும்.

இவ் வரையறைகள் தீய நோக்கில் பிறந்தவை அல்ல. பெயர்ப்பலகை மட்டும் மாட்டிப் பொய்க் கணக்கு எழுதுவோரைத் தடுக்கவும், சளிக்கும் தலைவலிக்கும் பணம் கேட்டுப் பொதுநிதியைக் கரைப்பதைத் தவிர்க்கவும் அவை வகுக்கப்பட்டன. ஆனால் சேரம்பாடியிலிருந்து பார்த்தால் அவற்றின் விளைவு வேறாகத் தெரிகின்றது. தோட்டத்துச் சிறு மருத்துவமனையில் ஒரு நல்ல மருத்துவர் இருந்து, முறையாக ஊசி ஏற்றினாலும், அவ்விடம் காப்பீட்டின் கண்ணுக்கு மருத்துவமனை ஆகாமற் போகலாம். ஏற்றியது உயிர்மருந்தே ஆனாலும் இரவு தங்காமையால் அது பண்டுவமே ஆகாமற் போகலாம். நோயாளி படுத்தால் பணம் உண்டு. எழுந்து நடந்து வீடு திரும்பினால் பணம் இல்லை என்றால், இது நோயை அளக்கும் முறையா? படுக்கையை எண்ணும் முறையன்றோ!

2023-இல் வடோதராவின் நுகர்வோர் ஆணையம் இத்தகைய வழக்கொன்றில் முடிவு கூறியது. 24 மணி நேரம் முழுமையாக மருத்துவமனையில் இருக்கவில்லை என்பதைக் காட்டிக் காப்பீட்டுக் குழுமம் பணம் தர மறுத்திருந்தது. பண்டுவ முறைகள் வளர்ந்துவிட்ட இந்நாளில் நோயாளி முன்போல் நெடுநேரம் படுத்திருக்க வேண்டுவதில்லை என்று எடுத்துரைத்து, பணத்தைத் தருமாறு ஆணையம் கட்டளையிட்டது. முறைமன்றம் உணர்ந்ததை முறை வகுப்போரும் உணர்தல் வேண்டும்.

ஒழுங்குமுறை ஆணையம் ஓரளவு உணரவே செய்தது. 2019-இல் அது வெளியிட்ட நெறிமுறையில், காப்பீட்டிலிருந்து விலக்கி வைக்கக் கூடாத 12 புதுமுறைப் பண்டுவங்களைப் பட்டியலிட்டது. விழிக்குள் இடும் ஊசியும், ஊசி வழி ஏற்றும் எதிர்ப்புரத மருந்துகளும் அப்பட்டியலில் உள்ளன. வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால் அதே நெறிமுறை, இப்பண்டுவங்களுக்குத் தனி உச்சவரம்பு வைத்துக்கொள்ளக் குழுமங்களுக்கு இடம் கொடுத்தது. கதவைத் திறந்து வைத்து வாயிற்படியை உயர்த்திய கதை இது. ஆவணத்தின் முகப்பில் பெரிய தொகை. உள்ளே ஊசிக்கு மட்டும் சிறிய தொகை. முகப்பை மட்டும் படித்தவர் ஏமாறுகின்றார்.

தேயிலைக்கு மட்டும் ஏன் விலக்கு?

தனியார் காப்பீட்டை விலை கொடுத்து வாங்க இயலாத உழைப்பாளர்க்காகவே 1948-இல் தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டம் வந்தது. மக்கள் வழக்கில் அதன் பெயர் ஈ.எசு.ஐ. அத்திட்டம் படுக்கையை எண்ணுவதில்லை. புறநோயாளிப் பண்டுவமும் மருந்தும் ஊசியும் அதில் அடக்கம். 2019 சூலை முதல் கூலியில் தொழிலாளி 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் செலுத்துகின்றனர்.

ஆனால் அச்சட்டம் பருவகாலத் தொழிலகங்களை விலக்கி வைத்தது. காப்பி, அவுரி, அரக்கு, இரப்பர், சருக்கரை ஆகியவற்றோடு தேயிலை செய்யும் தொழிலகமும் அவ்விலக்கில் சேர்ந்தது. மழையிலும் பனியிலும் ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ளும் விரல்களைப் பருவகாலம் என்னும் ஒரு சொல்லுக்கு அப்பால் நிறுத்திவிட்டார்கள்.

அதற்கு ஈடாக 1951-இல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. தொழிலாளர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் எளிதிற் கிட்டுமாறு மருத்துவ ஏந்துகளைத் தோட்டமே அமைத்துத் தருதல் வேண்டும் என அதன் 10-ஆம் பிரிவு கூறிற்று. அமைக்காவிடின் அரசின் தலைமை ஆய்வாளரே அமைத்து, செலவைத் தோட்டத்தாரிடம் பெறலாம் எனவும் கூறிற்று. எழுத்தளவில் உயர்ந்த சட்டம். ஆனால் காயத்துக்குக் கட்டும், காய்ச்சலுக்கு மாத்திரையும், பேறுகாலப் பார்வையும் என்றிருந்த அந்நாளைய மருத்துவத்தை மனத்திற்கொண்டே அது எழுதப்பட்டது. விலைமிகு ஊசிமருந்துகள் வந்த பின், அவற்றின் செலவு யாருடையது என்னும் கேள்விக்கு அதில் தெளிவான விடை இல்லை.

இச்சட்டத்தை நம்பி வந்த மக்கள் யார்? 1964-இல் இந்தியத் தலைமையமைச்சர் சாத்திரியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோவும் செய்துகொண்ட உடன்படிக்கை, 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. அம் மக்களைக் கேட்டுச் செய்த முடிவு அன்று அது. ஆடுமாடுகளைப் பங்கிடுவதுபோல் இரு அரசுகள் தமிழரைப் பங்கிட்டுக்கொண்டன. அவ்வாறு வந்தோர்க்கு வேலை தரவே 1968-இல் இம் மலைகளில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. இந்தச் சேரம்பாடியும் அக் கழகத்தின் தோட்டங்கள் அமைந்த ஊரே. கண்டிச் சீமையின் மலையில் உழைத்துத் தேய்ந்து, இம் மலையில் மீண்டும் முதலிலிருந்து தொடங்கிய மக்களின் முதுமைதான் இன்று விழி மங்கி, நீரிழிவு மிகுந்து, ஊசிக்காகக் காத்து நிற்கின்றது.

பழைய தோட்டச் சட்டம் இன்று இல்லை. 2020-இல் இயற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி, தோட்ட முதலாளி மருத்துவ ஏந்துகளைத் தாமே தரலாம், அல்லது ஈ.எசு.ஐ. காப்பீட்டில் தொழிலாளரைச் சேர்க்கலாம். முக்கால் நூற்றாண்டுக்குப் பின் தேயிலைக்குக் கதவு திறந்தது உண்மையே. ஆனால் திறவுகோல் யார் கையில்? தேர்ந்தெடுக்கும் உரிமை முதலாளிக்கு; நோய் தொழிலாளிக்கு! ஈ.எசு.ஐ. வந்தாலும், அதன் மருந்தகம் பந்தலூர் வட்டத்திலேயே அமையாவிடின் கூலியில் பிடித்தம் மட்டும் இங்கே நிகழும். மருந்து எங்கோ தொலைவில் இருக்கும். இதனை இப்போதே கேட்டுத் தெளிதல் வேண்டும்.

மாநிலத் திட்டமும் மலைவழியும்

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் நடைபெறுகின்றது. 2018-இல் அது நடுவண் அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலக்கம் உருபா வரை காப்புத் தருகின்றது. முகாம்களில் வாழும் ஈழத்தமிழரும் அதில் சேர்க்கப்பட்டுள்ளனர். புற்றுநோய்க்கான மருந்தேற்றும் பண்டுவமும் அதில் உண்டு. இவற்றைப் பாராட்டாமல் இருத்தல் நடுநிலை ஆகாது.

ஆயினும் நடுவண் திட்டத்தின் அடிப்படையும் மருத்துவமனைச் சேர்க்கையே. புறநோயாளிப் பண்டுவம் அதில் அடங்காது. பட்டியலிலுள்ள பண்டுவமே ஆயினும், பட்டியலிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். உதகையில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2025 ஏப்பிரலில் 700 படுக்கைகள் கொண்ட அதன் மருத்துவமனையும் திறக்கப்பட்டது. மாவட்டத்துக்கு அது பெரும்பேறு. ஆனால் சேரம்பாடியார் முதலில் கூடலூர் சேர்ந்து, அங்கிருந்து மேலும் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் மலை ஏறுதல் வேண்டும். மூன்று கிழமைக்கு ஒருமுறை மருந்தேற்ற வேண்டிய தாய் ஓராண்டில் பதினேழு பதினெட்டு முறை அவ்வழி போதல் வேண்டும். ஒவ்வொரு முறையும் அவருக்குக் கூலி போகின்றது. துணைக்கு வருவோர்க்கும் கூலி போகின்றது. காப்பீடு மருந்துக்குப் பணம் தந்தாலும் மலைவழி அதனைப் பறித்துக்கொள்கின்றது.

கூடலூர் காட்டிய வழி

இதற்கு மாற்று உண்டா எனின், உண்டு. அதற்கு வெளிநாடு போக வேண்டா. கூடலூர் வரை போனாற் போதும். பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய பழங்குடி மக்களுக்காக அசுவினி என்னும் நலவாழ்வு அமைப்பு அங்கே மருத்துவமனை நடத்துகின்றது. 1992-இலேயே அம் மக்கள் தம் சங்கத்தின் வழியாகக் குழுக் காப்பீடு தொடங்கினர். ஆளுக்குச் சிறு தொகை செலுத்தினர். காப்பீட்டுக் குழுமத்தோடு பேசுவதும், தாள்களை நிரப்புவதும், பணத்தைத் திரும்பப் பெறுவதும் அமைப்பின் வேலையாயிற்று. நோயாளி பணம் கட்டாமலே பண்டுவம் பெற்று வீடு திரும்பினார். 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, காப்பீடு பெற்றோர் பெறாதோரைக் காட்டிலும் 2.2 மடங்கு மிகுதியாக மருத்துவமனையில் சேர்ந்து பண்டுவம் பெற்றனர் எனக் கண்டறிந்தது.

எழுத்தறிவு குறைந்தோர் எனப் பிறர் ஒதுக்கிய மக்கள் இதனைச் செய்து காட்டினர். அவர்தம் வெற்றியின் அடிப்படை மூன்று: மருத்துவமனை அவர்தம் வாழிடத்தின் அருகே இருந்தது; தாள்வேலையை அவர்தம் அமைப்பே ஏற்றது; அவர்கள் தனித்தனியே நில்லாமல் ஒன்றாய் நின்றனர்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இச்சிக்கல் உண்டு என்பதை அறிதல் நன்று. மருத்துவர் தம் மருத்துவமனையில் வைத்திருக்கும் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது, எங்கள் மருந்துக் கடையிலிருந்துதான் பெறுதல் வேண்டும் எனத் தனியார் காப்பீட்டுக் குழுமங்கள் சில அங்கே கட்டாயப்படுத்தின. மருந்து நேரத்துக்கு வாராமல் புற்றுநோயாளர் ஊசிக்காக வந்து வெறுங்கையோடு திரும்பும் நிலை நேரும் என மருத்துவர்கள் எதிர்த்தனர். இலூசியானா மாநிலம் 2021-இல் அதற்கெதிராகச் சட்டமே இயற்றிற்று. பணம் தருபவன் மருந்தின் வழியையும் தன் கைக்குள் கொள்ள முயலுவான். மக்களின் அரசு இடைமறித்தால்தான் நிற்பான்.

மறுப்பும் புரியாத மொழியில்

இன்னொரு கொடுமையும் இருக்கின்றது. பணம் மறுக்கப்படுவது ஒரு துன்பம். ஏன் மறுக்கப்பட்டது என்பதே விளங்காமை அதனினும் பெருந்துன்பம். ஆங்கிலத்தில் அச்சிட்ட முப்பது நாற்பது பக்க ஆவணத்தில், உச்சவரம்பும் விலக்கும் நுண்ணெழுத்தில் ஒளிந்திருக்கின்றன. கைந்நாட்டு மட்டும் தமிழருடையது, மொழி அயலாருடையது. எழுதியவனுக்கு மட்டும் விளங்கும் உடன்படிக்கை உடன்படிக்கை ஆகுமா? அது பொறி அன்றோ!

2024 சனவரி முதல் ஒவ்வொரு மருத்துவக் காப்பீட்டுக்கும் எளிய விளக்கத்தாள் ஒன்றைத் தருதல் வேண்டும் எனவும், காப்பீடு பெற்றவர் விரும்பினால் அதனை அவர்தம் வட்டார மொழியில் தருதல் வேண்டும் எனவும் ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட்டுள்ளது. அதே 2024-இல் வந்த மற்றோர் ஆணை, பணம் மறுக்கும்போது ஆவணத்தின் எந்தக் கட்டுப்பாட்டின்படி மறுக்கப்படுகின்றது என்பதைக் குறித்துக் காட்டுதல் வேண்டும் என்கின்றது. ஆகலின் தமிழில் தருக எனக் கேட்பது இரப்பு அன்று, உரிமை. ஆனால் விரும்பினால் என்றிருக்கின்றது சட்டம். விரும்பிக் கேளாத தமிழனுக்கு ஆங்கிலமே வந்து சேரும். கேளாமற் கிடக்கும் உரிமை தேய்ந்து போகும். விலக்கு, உச்சவரம்பு, காத்திருப்புக் காலம், முன்னிசைவு, கேட்பு என எல்லாவற்றுக்கும் தமிழில் சொல் இருக்கின்றது. சொல் இல்லாமையால் அன்று, கேட்பார் இல்லாமையாலேயே ஆங்கிலம் ஆள்கின்றது.

செய்ய வேண்டுவன

விலைமிகு ஊசி தொடங்குமுன் மருத்துவரிடம் எழுத்தில் பெறுக: இம்மருந்தை நோயாளி தாமே எடுத்துக்கொள்ள இயலாது, மருத்துவமனையில் மருத்துவரே செலுத்துதல் வேண்டும் என்னும் குறிப்பு அது. அக்குறிப்போடு காப்பீட்டுக் குழுமத்தின் முன்னிசைவைக் கேட்டுப் பெறுக. மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குக. குழுமத்துக்கு முறையீடு எழுதி, ஒரு திங்களுள் விடை வாராவிடினும் விடை நிறைவு தாராவிடினும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுக. அதற்குக் கட்டணம் இல்லை. உதகையிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் அணுகலாம். படித்த இளைஞர்கள் கிழமைக்கு ஒருநாள் ஒதுக்கி, பாடி தோறும் இம்முறையீடுகளை நல்ல தமிழில் எழுதித் தருதல் வேண்டும். மொழித்தொண்டு என்பது மேடையில் முழங்குவதோடு முடிவதன்று. ஒரு தாயின் கண்ணொளி காக்க எழுதும் ஒரு பக்க மடலும் மொழித்தொண்டே.

அரசினரிடம் கேட்க வேண்டுவன நான்கு. மருத்துவர் கையாலன்றி ஏற்ற இயலாத மருந்துகளுக்கு 24 மணி நேரக் கணக்கை அறவே நீக்குக. 2019-இன் பட்டியலில் உள்ளவற்றுக்குச் சிற்றுச்சவரம்பு வைக்கும் உரிமையைப் பறித்திடுக. தோட்டத் தொழிலாளர் ஈ.எசு.ஐ. பெறுவதா என்னும் முடிவில் தொழிலாளர் சங்கத்துக்கும் இடந்தருக. அதற்குமுன் பந்தலூர் வட்டத்தில் மருந்தகம் அமைத்திடுக. உதகையில் மருத்துவ வல்லுநர் பண்டுவத்தைத் தொடங்கிவைக்க, தொடர்ந்து ஏற்றும் மருந்துகளைக் கூடலூர், பந்தலூர் அரசு மருத்துவமனைகளிலேயே ஏற்றும் ஏற்பாட்டைக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்திடுக.

புறநோயாளி ஊசிக்கெல்லாம் பணம் தந்தால் பொய்க் கேட்புகள் பெருகும், கட்டுத்தொகை உயரும் எனக் குழுமங்கள் கூறலாம். அவ்வச்சம் முழுதும் பொய்யன்று. ஆனால் கேட்பது எல்லா ஊசிக்கும் அன்று. எண்ணிப் பட்டியலிடத்தக்க சில மருந்துகளுக்கே. பன்னிரண்டு பண்டுவங்களைப் பட்டியலிட முடிந்த ஆணையத்துக்கு இதுவும் முடியும். எந்த மருந்து, எந்த நாள், எந்த மருத்துவர் என்னும் பதிவு இருந்தால் பொய்க்கு இடமேது? வெறும் படுக்கையைக் காட்டிப் பொய்க்கணக்கு எழுதுவதினும், மருந்துக் குப்பியின் எண்ணைக் காட்டிப் பொய் எழுதுவது அரிதன்றோ!

தோழர்களே! கொய்னா விளைந்த இம்மலையில் மருந்து அன்று அஞ்சல் வழி வந்தது. இன்று மருந்து மருத்துவரின் கை வழி வருதல் வேண்டும். அந்தக் கைக்கும் சேரம்பாடித் தாயின் கைக்கும் இடையே நிற்பவை மூன்று: எண்ணப்படும் படுக்கை, ஏற வேண்டிய மலை, விளங்காத மொழி. மலையை அகற்ற முடியாது. மருந்தை மலைக்கு இப்பால் கொண்டுவரலாம். மற்றைய இரண்டையும் மாந்தர் வகுத்தனர். மாந்தரால் மாற்ற முடியும். கொழுந்து கிள்ளும் கை கூடிக் கேட்டால் கொடுக்காத அரசும் கொடுக்கும். கூடுக! தமிழில் கேட்க! பெறும்வரை கேட்க!